"வீட்டில் கவனிக்கவும்" என்றால் என்ன செய்ய வேண்டும்?

ஐந்தரை அலாரம்

மகள் நான்காம் வகுப்பு. கணக்கு நோட்டில் இந்தப் பருவத்தில் மூன்றாவது தடவையாகச் சிவப்பு மையில் அதே வரி: "வீட்டில் கவனிக்கவும்". முதல் இரண்டு தடவையும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இந்தத் தடவைதான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எதைக் கவனிக்க வேண்டும், எவ்வளவு நேரம், எது சரியானால் கவனித்தது போதும் என்று ஆகும்?

கவனிக்காமலும் இல்லை. வேலை முடிந்து வந்து ஆறரை மணிக்கு அவளோடு உட்கார்ந்தால் எட்டு மணி வரை கணக்குதான். முதல் அரை மணி நேரம் அம்மாவாக இருக்கிறேன், அடுத்த அரை மணி நேரம் டீச்சராக, கடைசி அரை மணி நேரம் நான் யார் என்று எனக்கே தெரியாது, அப்படிக் கத்துகிறேன். அவள் அழுவாள், அப்புறம் நானும்... சரி, விடுங்கள்.

எனக்குப் பிடிபடாதது ஒன்று இருக்கிறது. வீட்டுப்பாடம் முழுக்கச் சரியாகப் போடுகிறாள். வகுப்பு நோட்டிலும் பெரும்பாலும் டிக்தான். தேர்வு என்று வந்தால் 25க்கு 9, 25க்கு 11. நடுவில் எங்கே தொலைகிறது? போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். "வகுப்பில் நன்றாகத்தான் செய்கிறாள், வீட்டில் பயிற்சி போதவில்லை" என்றார் டீச்சர். "வீட்டிலும் நன்றாகத்தானே செய்கிறாள்" என்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பின்னால் காத்திருந்தவர் தொண்டையைச் செருமினார், எழுந்து வந்துவிட்டேன்.

பிள்ளை படிப்பதில் பள்ளியின் வேலை எது, என் வேலை எது? இந்த மன்றத்தில் இருக்கும் பெற்றோர்கள் சொல்லுங்கள். ஆசிரியர்கள் யாராவது இருந்தால் நீங்களும் மழுப்பாமல் சொல்லுங்கள்.

கட்டணம் கட்டியவன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சொல்லிக்கொடுப்பது அவர்கள் தொழில். மருத்துவர் யாராவது "மீதி அறுவை சிகிச்சையை வீட்டில் செய்துகொள்ளவும்" என்று சீட்டு எழுதித் தருவாரா? நாள் முழுக்கப் பிள்ளையை வைத்திருந்துவிட்டு, பாதிப் பாடத்தை மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் முடியாதவர்கள் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். அங்கேயும் ஒரு வீட்டுப்பாடம் தருகிறார்கள்! ஆக மொத்தம் பிள்ளைக்கு யாருமே பாடம் நடத்துவதில்லை, எல்லோரும் அடுத்தவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

போன வாரம் என் பையனுக்கு எரிமலை மாதிரி செய்துவரச் சொன்னார்கள். இரவு பதினொன்றரை மணிக்கு நான் காகிதக் கூழ் பிசைந்துகொண்டிருந்தேன், அவன் தூங்கிவிட்டான். மறுநாள் "மிக நன்று" என்று எனக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது, அவன் பெயரில். இதையா கற்றல் என்கிறீர்கள்?

சாக்பீஸ் தூசி

17 வருடமாகத் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். "வீட்டில் கவனிக்கவும்" என்று நானும் நூற்றுக்கணக்கான தடவை எழுதியிருக்கிறேன். மழுப்பாமல் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். சில நோட்டில் அதற்குப் பொருள் "ஏழாம் வாய்ப்பாடு இன்னும் வரவில்லை". சில நோட்டில் "உங்கள் பையன் பக்கத்தில் இருப்பவனையும் எழுதவிட மாட்டேன் என்கிறான்". இன்னும் சில நோட்டில், இவளுக்கு என்ன சிக்கல் என்று எனக்கே பிடிபடவில்லை, ஆனால் திருத்தியதற்கு அடையாளமாக ஏதாவது எழுதியாக வேண்டும். மூன்றுக்கும் ஒரே வரிதான்.

ஏன் என்றால், என் வகுப்பில் 38 பேர். பீரியட் 40 நிமிடம். வருகைப் பதிவு, நோட்டை எடுப்பது, தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பி வருவது எல்லாம் போக 30 நிமிடம் மிஞ்சினால் நல்ல நாள். அதை 38ஆல் வகுத்தால் ஆளுக்கு 47 வினாடி. நோட்டுத் திருத்த ஒன்றுக்கு இரண்டே நிமிடம் என்று வைத்தாலும் 76 நிமிடம், அதுவும் ஒரே ஒரு பாடத்துக்கு. அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. 47 வினாடியில் ஒரு பிள்ளையிடம் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்கவே முடியாது என்று தெரிந்தால்தான் இந்தப் பேச்சே நகரும்.

கட்டணம் கட்டியவன் சொன்ன மருத்துவர் கதைக்கு வருகிறேன். மருந்தை எழுதித் தருவது மருத்துவர், வேளாவேளைக்குக் கொடுப்பது வீடுதானே நண்பரே. ஆனால் மருந்தின் பெயரையே எழுதாமல் "மருந்து கொடுக்கவும்" என்று சீட்டு தருவது போலத்தான் நாங்கள் எழுதுகிறோம். அது எங்கள் தப்பு.

சகோதரி, உங்களிடம் ஒரு கேள்வி. கழித்தலை எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்? 52இல் 27 போக எவ்வளவு என்பதற்கு நான் வகுப்பில், மேலே உள்ள 5இடம் ஒரு பத்தைக் கடன் வாங்கச் சொல்வேன். 5 நாலாகிவிடும், 12இல் 7 போக 5, 4இல் 2 போக 2, விடை 25. வேறு முறையில் படித்த பெற்றோர் மேலே கைவைக்க மாட்டார்கள், கீழே உள்ள 2ஐ மூன்றாக்குவார்கள், 5இல் 3 போக 2. அதுவும் 25தான், அதுவும் சரிதான். பிள்ளை இரண்டையும் கலந்து, மேலே ஒன்று குறைத்துக் கீழே ஒன்று கூட்டினால் 15 வரும். நோட்டில் 15ஐப் பார்த்தாலே வீட்டில் யாரோ அக்கறையாக உட்கார்ந்து சொல்லித் தந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. 2015ல் எரின் மலோனி, சியான் பெய்லாக் குழுவினர் அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணக்கு என்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த வருடம் கணக்கில் குறைவாகவே முன்னேறினார்கள், வருடக் கடைசியில் அவர்களுக்கும் கணக்குப் பயம் கூடியிருந்தது. அதே அளவு பதறும் பெற்றோர் அதிகம் உதவாத வீடுகளில் அப்படி ஆகவில்லை. உங்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார்வது எப்போதும் லாபம் என்று நினைக்காதீர்கள் என்பதற்காகத்தான்.

ஐந்தரை அலாரம்

டீச்சர், மழுப்பாமல் எழுதியதற்கு நன்றி. கழித்தலை நானும் கடன் வாங்கித்தான் சொல்லித் தருகிறேன், அதில் குழப்பம் இல்லை. ஆனால் அந்தப் பதறும் பெற்றோர் விஷயம் நெஞ்சில் குத்திவிட்டது. சின்ன வயதில் கணக்குப் பீரியட் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் அவளே "அம்மா, நீ மூச்சு வாங்குறே" என்றாள்.

பின்வரிசை

எல்லோரும் பள்ளியையே சுற்றி வருகிறீர்கள். 1966ல் ஜேம்ஸ் கோல்மன் குழு அமெரிக்காவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து என்ன சொன்னது? பள்ளியின் கட்டடம், ஆய்வகம், செலவு இவற்றைவிடக் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப் போகிறது என்றது. பொறுப்பு வீட்டுக்குத்தான். பள்ளி கூடுதல் உதவி, அவ்வளவே. இதைச் சொன்னால் பெற்றோருக்குக் கோபம் வருகிறது.

சாக்பீஸ் தூசி

கோபம் எனக்குத்தான் முதலில் வருகிறது. குடும்பப் பின்னணி என்று கோல்மன் கணக்கில் எடுத்தவை பெற்றோரின் படிப்பு, வீட்டில் என்னென்ன இருந்தன போன்றவை. அவற்றை வைத்துக்கொண்டு அம்மா தினமும் ஒன்றரை மணி நேரம் கத்த வேண்டும் என்று எப்படிப் போகிறீர்கள்? இன்னும் ஒரு சங்கதி. வீடு தர முடியாத பிள்ளைக்குப் பள்ளிதான் எல்லாமே. பொறுப்பு வீட்டுக்கு என்று நான் கையைக் கழுவினால், கழுவப்படுவது அந்தப் பிள்ளை.

இரவுப் பணி

நான் அந்த "வீடு தர முடியாத" ரகம். மனைவி இல்லை, இரண்டு பையன்கள், எனக்கு வாரத்தில் ஐந்து நாள் இரவு வேலை. அவர்கள் பள்ளிவிட்டு வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். பெற்றோர் கூட்டம் எப்போதும் காலை பத்து மணிக்கு, அப்போதுதான் நான் கண்ணை மூடியிருப்பேன். மூன்று கூட்டத்துக்குப் போகவில்லை. "அக்கறை இல்லாத அப்பா" என்று பெயர் வந்துவிட்டது. அக்கறை இல்லாமலா இந்த வேலையைப் பார்க்கிறேன்?

எனக்கு யாரும் பாராட்டுக் கடிதம் தர வேண்டாம், "பெற்றோர் பங்கேற்பு" என்று உரையும் ஆற்ற வேண்டாம். பெரியவன் எந்த வீட்டுப்பாடத்தைக் கொடுக்கவில்லை என்று அன்றைக்கே ஒரு வரி அனுப்பினால் போதும். பருவ முடிவில் "ஏழு ஒப்படைப்புகள் நிலுவை" என்று ஒரே காகிதத்தில் வந்து விழுந்தால் நான் என்ன செய்வது, அவனைப் போட்டு அடிப்பதைத் தவிர? அடிக்கவில்லை, கத்தினேன். சின்னவன் ஒரு வாரம் என் பக்கத்தில் வரவில்லை.

வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ஆனால் அதில் காலை வணக்கமும் பூப்படமும் 140 வந்து, நடுவில் "நாளை வரைபடத்தாள் கொண்டு வரவும்" என்று ஒன்று புதைந்து கிடக்கும்.

எழுத்துக்கூட்டி

இரவுப் பணி, நீங்கள் கேட்பது சின்ன விஷயம் போலத் தெரிகிறது, உண்மையில் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 22 பள்ளிகளில் பீட்டர் பெர்க்மன், எரிக் சான் இருவரும் செய்த ஆய்வு. கொடுக்காத ஒப்படைப்பு, வராத வகுப்பு, குறைந்த மதிப்பெண் இவற்றைக் கணினியே பெற்றோரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. வகுப்புக்கு வருவது 12 சதவீதம் கூடியது, பாடத்தில் தோற்பது 28 சதவீதம் குறைந்தது. மாநிலத் தேர்வு மதிப்பெண் மட்டும் அசையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தகவல் போய்ச் சேர்ந்தால் பிள்ளை ஒழுங்காக வருவான், எழுதித் தருவான். புரியாத பாடம் குறுஞ்செய்தியால் புரிந்துவிடாது.

அலாரம் தோழி, உங்கள் முதல் பதிவை இரண்டு தடவை வாசித்தேன், எனக்கு ஒரு சந்தேகம். அதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் ஏதோ தட்டச்சு செய்துகொண்டே இருக்கிறார் என்று காட்டுகிறது, அவர் முடிக்கட்டும்.

பழைய ரேடியோ

நான்தான் அது, ஒரு விரலால் அடிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது தாண்டிவிட்டது.

என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கைநாட்டு. ஆனால் தினமும் சாயங்காலம் வேலையைப் பார்த்துக்கொண்டே "இன்னைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க, எனக்குச் சொல்லு" என்பாள். நான் நீராவி எப்படி மேகமாகிறது என்று ஆரம்பிப்பேன். நடுவில் "மேலே போன தண்ணி ஏன் உடனே கீழே விழல?" என்பாள். எனக்குத் தெரியாது. "தெரியலையா, சரி நாளைக்கு சாரைக் கேட்டுட்டு வா" என்று விட்டுவிடுவாள். திட்டு இல்லை. மறுநாள் நான் கேட்டுத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் சாயங்காலம் அவள் கேட்பாள், மறக்கவே மாட்டாள். வகுப்பில் கேள்வி கேட்கிற பையன் என்று எனக்குப் பெயர். கேள்வி என் அம்மாவுடையது என்று யாருக்கும் தெரியாது.

அவள் எனக்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை. ஆனால் நான் படித்தது அவளால்தான். இதில் பொறுப்பை எப்படிப் பங்கு போடுவீர்கள் என்று தெரியவில்லை, அனுபவத்தைச் சொன்னேன்.

எழுத்துக்கூட்டி

ஐயா, உங்கள் அம்மா செய்தது சும்மா இல்லை. 1970களில் லண்டனில் ஹாரிங்கே என்ற பகுதியில் டிசர்ட், ஸ்கோஃபீல்டு, ஹியூசன் என்பவர்கள் ஒன்று செய்து பார்த்தார்கள், 1982ல் வெளியிட்டார்கள். சில வகுப்புகளில், பிள்ளை வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோய் அம்மா அப்பாவிடம் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும், அவர்கள் கேட்க வேண்டும். வேறு சில வகுப்புகளில் பள்ளியிலேயே கூடுதல் ஆசிரியர் ஒருவர் சின்னக் குழுக்களாக வைத்து வாசிக்க உதவினார். வீட்டில் வாசித்துக் காட்டிய பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். கூடுதல் ஆசிரியர் வைத்த பிள்ளைகளிடம் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. இத்தனைக்கும் அந்தப் பெற்றோரில் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள்.

(நான் வாசிப்பில் சிரமப்படும் பிள்ளைகளோடு வேலை செய்கிற சிறப்பு ஆசிரியர், அதனால் எதைப் பார்த்தாலும் வாசிப்பாகத் தெரிகிறது என்று வீட்டில் கேலி உண்டு. அதைத் தள்ளுபடி செய்துகொண்டு மேற்கொண்டு படியுங்கள்.)

இப்போது சந்தேகம். வீட்டில் சரி, வகுப்பில் சரி, தேர்வில் மட்டும் போய்விடுகிறது. பயம், நேரம் போதாமை இரண்டும் இருக்கலாம். ஆனால் முதலில் ஒன்றைப் பாருங்கள். வீட்டுப்பாடம் செய்யும்போது கணக்கை வாசிப்பது யார்? நீங்களா, அவளா?

நாளைக்கு ஒரு காகிதத்தில் வெறும் எண்களாக ஆறு கணக்கு எழுதுங்கள். இன்னொரு காகிதத்தில் அதே ஆறையும் வாக்கியமாக எழுதுங்கள், எண்ணைக் கொஞ்சம் மாற்றி. இரண்டையும் கொடுத்துவிட்டு அந்த அறையிலிருந்து வெளியே போய்விடுங்கள். பக்கத்தில் உட்காரக் கூடாது. மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

கட்டணம் கட்டியவன்

அப்படியே இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க வேண்டியது பள்ளிதானே? ஊர் பேர் தெரியாதவர் இங்கே வந்து சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் அவர்கள் எதற்கு?

பின்வரிசை

பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற அம்மாவுக்குத் தெரியவில்லை, 47 வினாடி பார்க்கிறவர் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

மட்டுறுத்துநர்

இருவரும் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். தனிப்பட்ட தாக்குதல் இரண்டை நீக்கியிருக்கிறேன். எரிமலை பற்றிய கேலியை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், அது நியாயமாக இருந்தது.

ஐந்தரை அலாரம்

மூன்று நாள் கழித்து வருகிறேன். எழுத்துக்கூட்டி சொன்னதை ஞாயிற்றுக்கிழமை செய்தேன்.

எண் கணக்கு ஆறுக்கு ஆறு சரி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வாக்கியக் கணக்கு ஆறில் ஒன்றுதான் சரி. "ஒரு பெட்டியில் 52 பென்சில்கள் இருந்தன. அவற்றில் 27 பென்சில்களை வகுப்பில் பகிர்ந்தளித்தனர். மீதம் எத்தனை?" என்பதற்கு 79 என்று எழுதியிருக்கிறாள். எப்படி வந்தது என்று கேட்டேன். முதலில் பேசவில்லை. அப்புறம், "ரெண்டு நம்பர் இருந்தா கூட்டிடுவேன்" என்றாள். அதே கணக்கை நான் வாசித்தேன். நான் முடிக்கும் முன்பே "25" என்றாள்.

அவளை வாசிக்கச் சொன்னேன். "பகிர்ந்தளித்தனர்" என்ற சொல்லில் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி முக்கால் நிமிடம் நின்றாள். கடைசியில் சொல்லைச் சேர்த்துவிட்டாள், ஆனால் அதற்குள் பெட்டியும் பென்சிலும் மறந்துபோய்விட்டன.

தினமும் நான்தான் வாசித்திருக்கிறேன். அவளுக்கு நேரம் ஆகிறது, எனக்கு வேலை இருக்கிறது, சீக்கிரம் முடியட்டும் என்று ஒவ்வொரு கணக்கையும் நானே வாசித்து, விரலால் எண்ணைக் காட்டி, "எவ்வளவு சொல்லு" என்று கேட்டிருக்கிறேன். கவனித்துக் கவனித்து மறைத்திருக்கிறேன்.

நேற்றுப் பள்ளிக்குப் போய் டீச்சரிடம் இரண்டு காகிதத்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "வகுப்பில் நானும் கணக்கை வாசித்துவிட்டுத்தான் போடச் சொல்வேன்" என்றார்.

சாக்பீஸ் தூசி

இதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் வாசிப்பேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டே சத்தமாக வாசிப்பேன், 38 பேரும் ஒன்றாக நகர வேண்டும் என்பதற்காக. இன்று வாசிக்காமல் வெறுமனே எழுதிப் போட்டேன். எண் கணக்கில் தடுமாறாத நான்கு பேர் வாக்கியக் கணக்கில் பேனாவை வைத்துக்கொண்டு பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தார்கள். நான்கு பேரின் நோட்டையும் எடுத்துப் புரட்டினேன். மூன்றில் என் கையெழுத்தில் அந்த வரி இருக்கிறது.

எழுத்துக்கூட்டி

இரண்டு பேரும் தலையில் கைவைத்து உட்கார வேண்டாம். இந்த நிலைமையை நான் அடிக்கடி பார்க்கிறேன். உதவி செய்கிறவர்கள் நல்லவர்களாக இருக்கும்போதுதான் இது நீண்ட நாள் வெளியே தெரியாது.

1986ல் கஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பைப் பற்றி எளிய ஒரு கணக்கு சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மற்றது எவ்வளவு இருந்தும் விடை பூச்சியத்துக்குப் பக்கத்தில்தான். உங்கள் மகளுக்குக் கேட்டால் புரிகிறது, கணக்கும் வருகிறது. எழுத்தைச் சொல்லாக்குவது மெதுவாக இருக்கிறது, அதிலேயே ஞாபகம் முழுக்கச் செலவாகிவிடுகிறது.

உடனே பெரிய பெயர் எதையும் ஒட்டாதீர்கள். கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். பிறகு தினமும் பத்துப் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், இணைந்து வாசியுங்கள். புத்தகத்தை அவள் தேர்ந்தெடுக்கட்டும். இருவரும் சேர்ந்து சத்தமாகத் தொடங்குங்கள், தனியாக வாசிக்கலாம் என்று தோன்றினால் அவள் மேசையைத் தட்டுவாள், நீங்கள் நிறுத்திவிட வேண்டும். தடுமாறினால் நான்கைந்து வினாடி பொறுங்கள். வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிவிடுங்கள், அவள் திருப்பிச் சொன்னதும் மீண்டும் சேர்ந்து போங்கள். "போன பக்கத்தில் இதே சொல்லைத்தானே பார்த்தாய்" என்ற வாக்கியத்துக்கு மட்டும் தடை. இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால், அப்போது முறையான மதிப்பீடு கேளுங்கள், பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன், கணக்குக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்வதை நிறுத்துங்கள். ஹாரிஸ் கூப்பர் 2006ல் வீட்டுப்பாட ஆய்வுகளைத் தொகுத்தபோது, உயர்வகுப்புகளில் தெரிந்த பலன் சின்ன வகுப்புகளில் மிகக் குறைவாகவே தெரிந்தது. வகுப்புக்குப் பத்து நிமிடம் என்று ஒரு வழக்கு உண்டு, அவர் ஆதரிப்பது. நான்காம் வகுப்புக்கு 40 நிமிடம், எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து.

இரவுப் பணி

பதினைந்து நிமிடம் என்னாலும் முடியும். மாலை கிளம்பும் முன், அவன் காலுறையைக் கழற்றிக்கொண்டே வாசித்தாலும் சரி. ஆனால் இதைப் பள்ளியிலிருந்து யாரும் என்னிடம் சொன்னதில்லை. "படிக்கச் சொல்லுங்கள்" என்றுதான் சொல்வார்கள். சொல்லாமலா இருக்கிறேன்.

கட்டணம் கட்டியவன்

சரி, ஒரு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். எரிமலையைக் கொடுத்தனுப்பிய அன்று நான் டீச்சருக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம், "இதை இவன் செய்யவில்லை, நான் செய்தேன்" என்று. எழுதவில்லை. நட்சத்திரம் வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் பொய் சொன்னால் அவர் எதை வைத்துத் திருத்துவார்?

ஆனால் என் அடிப்படை வாதம் அப்படியேதான் இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று கண்டுபிடிக்கும் பயிற்சி ஆசிரியருக்குத்தான் உண்டு, அம்மாவுக்கு இல்லை. முதல் அடி அவர்கள்தான் எடுத்து வைக்க வேண்டும்.

சாக்பீஸ் தூசி

அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். எது வரவில்லை என்று சொல்வது எங்கள் வேலை. புதிதாகச் சொல்லிக்கொடுப்பதும் எங்கள் வேலை. வீட்டில் புதுப் பாடம் நடத்த வேண்டி வந்தால் எங்கேயோ நான் தவறியிருக்கிறேன் என்று பொருள். வீட்டிடம் நான் கேட்பது தூக்கம், வருகை, கொஞ்சம் காது. அப்புறம் உண்மை. அவளே செய்த தப்பான நோட்டு எனக்கு வேண்டும், நீங்கள் திருத்தி அனுப்பிய சரியான நோட்டு எனக்கு எதையும் சொல்வதில்லை. முடியாததை "முடியவில்லை, இந்த இடத்தில் நின்றுவிட்டாள்" என்று பென்சிலால் எழுதி அனுப்புங்கள். அப்படி எழுதினால் என்ன நினைப்பாரோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள், தெரியும். அந்தப் பயத்தை உண்டாக்கியதிலும் எங்களுக்குப் பங்கு இருக்கிறது.

நிர்வாகத்தையும் விட்டுவிடக் கூடாது. 38 பேரை ஒருவரிடம் விட்டுவிட்டு "ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கவனிக்கவும்" என்று எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வரும். எங்கள் நோட்டிலும் சிவப்பு மைதான்.

பின்வரிசை

சட்டமாகப் பார்த்தாலும் இரண்டு பேர் மட்டும் இல்லை. 1989ன் குழந்தை உரிமை உடன்படிக்கை, 18ஆம் பிரிவு, வளர்க்கும் முதன்மைப் பொறுப்பு பெற்றோர் இருவருக்கும் என்கிறது. அதே பிரிவு, அதைச் செய்ய அரசு அவர்களுக்குத் தகுந்த உதவி தர வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் இத்தனை நாள் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தேன், இப்போதுதான் முழுக்க வாசித்தேன். கேலி செய்ய வேண்டாம்.

பழைய ரேடியோ

அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் அம்மா?

ஐந்தரை அலாரம்

மூன்று வாரம் ஆகிறது ஐயா. கண்ணில் சிறு குறை, கண்ணாடி வந்திருக்கிறது, ஆனால் அது மட்டும் காரணமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தினமும் பதினைந்து நிமிடம் வாசிக்கிறோம். முதல் வாரம் அவள் மேசையைத் தட்டவே இல்லை, முழுக்க என் குரலின் பின்னால் ஒளிந்துகொண்டே வந்தாள். இரண்டாவது வாரம் ஒரு வரிக்குத் தட்டினாள். நேற்று அரைப் பக்கம். நீங்கள் சொன்னதைக் கேட்டு "எனக்குப் புரியலையே, அது ஏன் அப்படி?" என்று நானும் கேட்கிறேன். அவளுக்கு ஒரே சந்தோஷம், அம்மாவுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று.

தேர்வு இன்னும் வரவில்லை, மதிப்பெண் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. எட்டு மணி அழுகை நின்றிருக்கிறது.

இன்று நோட்டில் மறுபடியும் சிவப்பு மை. பார்த்ததும் பழைய பழக்கத்தில் வயிற்றைக் கலக்கியது. "பக்கம் 41. அவளே வாசிக்கட்டும். தடுமாறினால் ஐந்து வினாடி பொறுங்கள். எந்தச் சொல்லில் நின்றாள் என்று எழுதி அனுப்புங்கள்" என்று இருந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் நின்றாள். ஐந்து வினாடி எவ்வளவு நீளம் என்று இங்கே யாருமே எனக்குச் சொல்லவில்லை!